உயிரைப் போக்கிவிட்டு வீடு திரும்புபவர்: மிருக வைத்தியர் ஜேம்ஸ் ஹெரியட்டின் வாழ்க்கை

ஜேம்ஸ் ஹெரியட் என்ற பெயரைக் கேட்டதும் அவருடைய நூல்களை வாசித்தவர்களுக்கு முதலில் வருவது சிரிப்புத்தான். இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியில், உறைபனி விழும் இரவொன்றில், மாட்டுக்கொட்டிலின் கற்தரையில் மேற்சட்டை இல்லாமல் படுத்தபடி, பசுவின் கருப்பைக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பப் பாடுபடும் இளம் மிருக வைத்தியர். அருகே நின்று அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கும் விவசாயி. செல்லம் கொடுத்துக் கொழுக்க வைக்கப்பட்ட பணக்கார வீட்டு நாய். இந்தக் கதைகள் உலகெங்கும் ஏறத்தாழ 60 மில்லியன் பிரதிகள் விற்பனையாகின. தொலைக்காட்சித் தொடராகவும் பல நாடுகளில் ஓடின.

ஆனால், கன்றை உலகத்துக்குக் கொண்டுவந்த அதே கைகள்தான் இனிக் காப்பாற்ற முடியாத குதிரையின் நெற்றிக்கு நேரே துப்பாக்கியைப் பிடித்தன. முதிர்ந்த நாயின் முன்காலில் கடைசி ஊசியையும் ஏற்றின. காலையில் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டு மாலையில் இன்னோர் உயிரைத் தானே முடித்துவைப்பது மிருக வைத்தியரின் தொழிலில் புதிதல்ல. மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையும் வராத கடமை இது. மிருக வைத்தியருக்கோ அது வாரத்தில் பல தடவை வரும். ஹெரியட்டின் வாழ்க்கையை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், சிரிப்புக்குப் பின்னால் இருந்த பாரம் தெரியும்.

நாய் வைத்தியராக வர விரும்பிய சிறுவன்

ஜேம்ஸ் ஹெரியட் என்பது புனைபெயர். அவருடைய உண்மையான பெயர் ஜேம்ஸ் அல்பிரட் வைட். நண்பர்களுக்கு அல்ப். 1916 ஒக்டோபர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் பிறந்தார். பிறந்து சில வாரங்களிலேயே குடும்பம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை கப்பல் கட்டும் துறையில் வேலை செய்தவர். பேசாப் படங்கள் ஓடிய காலத்தில் திரையரங்கில் பியானோவும் வாசித்தவர். தாய் பாடகி, தையல் வேலையும் செய்தார். அல்ப் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

வீட்டில் டொன் என்றொரு ஐரிஷ் செற்றர் இன நாய் இருந்தது. அதைக் கூட்டிக்கொண்டு நகருக்கு வெளியே மலைகளில் நடப்பதுதான் சிறுவனின் பொழுதுபோக்கு. மெக்கானோ என்ற சிறுவர் சஞ்சிகையில் மிருக வைத்தியத் தொழிலைப் பற்றி வந்த கட்டுரையொன்றை வாசித்ததும் தன் வழியைத் தீர்மானித்துக்கொண்டான். அவன் வர விரும்பியது மாட்டு வைத்தியராக அல்ல, நாய் வைத்தியராக. நாய்களோடு காலம் கழிக்கலாம் என்பதே அந்த வயதின் கணக்கு.

1933இல் கிளாஸ்கோ மிருக வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். பரீட்சைகளில் சில தடவை தவறினார். ஐந்து ஆண்டுப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 1939 டிசம்பரில் பட்டம் கையில் வந்தபோது இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்று மாதங்கள் கடந்திருந்தன.

போர் தொடங்கிய வாரம்

அந்த 1939 செப்டெம்பரின் முதல் வாரத்தில் இலண்டனில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். போர் அறிவிக்கப்பட்டதும், எதிரி விமானம் எதுவும் வருவதற்கு முன்னரே, நாய்களையும் பூனைகளையும் கையில் ஏந்திய மக்கள் மிருக வைத்தியசாலைகளின் வாசல்களில் வரிசையாக நின்றார்கள். குண்டு விழுந்தால் இவற்றை என்ன செய்வது, உணவுப் பங்கீடு வந்தால் எதைக் கொடுப்பது, பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினால் யார் பார்ப்பது என்ற பயம். வரலாற்றாசிரியர்களின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ ஒரு வார காலத்துக்குள் இலண்டனில் மட்டும் 4 இலட்சம் வளர்ப்புப் பிராணிகள் கொல்லப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நோயற்றவை.

எந்த அரச சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. மக்கள் தாங்களாகவே கொண்டுவந்தார்கள். உரிமையாளர் ஒருவருக்கு அது ஒரேயொரு நாய், ஒரேயொரு பூனை. உள்ளே வேலை செய்தவர்களுக்கோ அது நாள் முழுவதும் முடியாத வரிசை. சுகப்படுத்துவதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள், நோயில்லாத உயிர்களை ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவைக்க வேண்டியிருந்தது. அல்ப் அப்போது கிளாஸ்கோவில் கடைசிப் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர். அவர் நுழையவிருந்த தொழில் எதையெல்லாம் கேட்கும் என்பதற்கு அந்த வாரமே ஓர் அறிகுறி.

தேர்ஸ்க் நகரில்

அன்றைக்கு மிருக வைத்தியருக்கு வேலை கிடைப்பது கடினம். விவசாயம் நொடிந்திருந்தது. வண்டி இழுத்த குதிரைகளின் இடத்தை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. சண்டர்லாந்தில் சில மாதங்கள் வேலை செய்த பின்னர், 1940 ஜூலையில் யோர்க்‌ஷயரின் தேர்ஸ்க் என்ற சிறு சந்தை நகருக்கு வந்தார். கேர்க்கேட் வீதியில் 23ஆம் இலக்க வீடு. அங்கே வைத்தியம் பார்த்துவந்த டொனால்ட் சின்க்ளேயர், அல்ப்பைவிட ஐந்து வயது மூத்தவர். முன்கோபக்காரர், தாராள மனதுக்காரர். நூல்களில் சீக்பிரீட் என்ற பெயரில் வருபவர் இவர்தான்.

1941 நவம்பரில் அல்ப், ஜோன் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். விமானப்படையில் சேர்ந்து, சத்திரசிகிச்சை ஒன்றுக்குப் பிறகு உடல்நிலை காரணமாக ஓராண்டில் விடுவிக்கப்பட்டு மீண்டும் தேர்ஸ்க் வந்தார். மகன், மகள் என இரண்டு பிள்ளைகள். மகன் தந்தையின் தொழிலுக்கே வந்தார். மகள் மனிதர்களுக்கு வைத்தியரானார். ஏறத்தாழ 50 ஆண்டுகள் அல்ப் அந்த ஊரை விட்டு அகலவில்லை.

நாய் வைத்தியராக வர விரும்பியவருக்குக் கிடைத்தது மாடு, குதிரை, செம்மறியாடு, பன்றி. இரவு பகல் இல்லாத வேலை. பின்னர் நகரமக்கள் நாய், பூனை வளர்ப்பது கூடியபோதுதான் அவருடைய சிறுவயது ஆசை மெல்ல நிறைவேறியது. அந்த ஆசையோடு சேர்ந்தே அதன் விலையும் வந்தது.

தனியே எடுத்த முடிவு

அவருடைய முதல் நூலின் தொடக்கப் பகுதியில் ஒரு குதிரையின் கதை வருகிறது. புதிதாக வேலைக்கு வந்த இளம் வைத்தியர், மூத்தவர் வெளியே போயிருந்த இரவில், தனியே அழைக்கப்படுகிறார். பெரிய பண்ணையொன்றின் பெறுமதியான குதிரை வயிற்றுவலியால் துடிக்கிறது. பரிசோதித்தபோது குடல் முறுக்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. அன்றைய வைத்தியத்தில் அதற்குச் சிகிச்சை இல்லை. செய்யக்கூடியது ஒன்றே. பண்ணையின் பொறுப்பாளர் அதை ஏற்கவில்லை, அனுபவமில்லாத இளைஞன் என்று ஏளனம் செய்கிறார், விளைவைச் சந்திக்க நேரிடும் என்று மிரட்டுகிறார். இளம் வைத்தியர் குதிரையைச் சுட்டுவிடுகிறார்.

கதையில் முக்கியமானது அதற்குப் பிறகு வரும் பகுதி. குதிரை விழுந்துவிட்டது. முடிவு சரியா என்ற கேள்வி மட்டும் விழவில்லை. வழி முழுவதும், வீட்டிலும், அது அவரைத் தின்கிறது. மறுநாள் மூத்த வைத்தியர் அந்தக் குதிரையின் உடலை அறுத்துப் பார்த்து, குடல் முறுக்கியிருந்தது உண்மைதான், வேறு வழி இருக்கவில்லை என்று உறுதிசெய்கிறார். அப்போதுதான் இளையவருக்கு மூச்சு வருகிறது.

நூலில் வருபவை அப்படியே நடந்தவை அல்ல. பெயர்களையும் இடங்களையும் காலத்தையும் மாற்றி எழுதியவர் அவர். ஆனால் அந்த இளைஞனின் அச்சம் கற்பனையில் வராது. நோயாளி பேசாது. உரிமையாளரின் முடிவுக்கும் வைத்தியரின் சொல்தான் ஆதாரம். பிழைத்தால் திருத்த முடியாத முடிவு. அந்த நிலையில் இன்னொரு வைத்தியர் பக்கத்தில் நின்று, நீ செய்தது சரி என்று சொல்வது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அல்ப் அறிந்திருந்தார். அவருக்கு டொனால்ட் இருந்தார். தனியே வேலை செய்யும் பலருக்கு அப்படி யாரும் இருப்பதில்லை.

கட்டணம் வாங்காத வீடு

அதே முதல் நூலில் இன்னொரு கதை. ஒடுக்கமான முற்றம் ஒன்றில் தனியே வாழும் ஓய்வூதியக்காரர். மனைவி இறந்துவிட்டார். மிஞ்சியிருப்பது முதிய நாய் மட்டும். நாயின் வயிற்றுக்குள் பெரிய கட்டி. சத்திரசிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது. வைத்தியர் உண்மையைச் சொல்கிறார். முதியவர் நாயின் தலையைத் தடவியபடி இருக்க, ஊசி ஏற்றப்படுகிறது. கட்டணம் எவ்வளவு என்று அவர் கேட்க, வைத்தியர் வாங்க மறுத்து வெளியேறுகிறார். கார் வரை வந்தபின், முதியவர் பின்னால் ஓடிவந்து, ஏதோ ஒரு நல்ல நாளில் கிடைத்து எடுத்துவைத்திருந்த சுருட்டொன்றைக் கையில் திணிக்கிறார்.

பல வாசகர்களை அழவைத்த கதை. ஒரு மிருக வைத்தியர் வாசித்தால் வேறு சிலவற்றையும் காண்பார். அந்த வீட்டில் வைத்தியர் செய்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். நோயைக் கண்டறிந்தார். நம்பிக்கை இல்லை என்பதை, பொய்யும் சொல்லாமல் புண்படுத்தாமலும் எடுத்துச் சொன்னார். தனித்துப்போன ஒருவரின் கடைசித் துணையைத் தன் கையால் அனுப்பிவைத்தார். அந்த மனிதரின் துயரத்துக்கு முன்னால் தன் முகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டார். பிறகு காரில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே ஒருவேளை புதிய நாய்க்குட்டியோடு பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர்களோடு அவரும் சிரிக்க வேண்டும்.

இன்றும் அந்த அறையில் நடப்பது ஏறத்தாழ அதுவேதான். மயக்க மருந்து இரத்தக் குழாய்க்குள் போனதும் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். சிறிது நேரத்தில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாமலே இருக்கும். நின்ற பிறகும் மூச்செடுப்பதுபோல் உடல் ஓரிரு தடவை அசையலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால், உயிர் இன்னும் இருக்கிறது, வேதனைப்படுகிறது என்று உரிமையாளர் பதறுவார். அதனால் நல்ல வைத்தியர்கள் ஒவ்வொன்றையும் முதலிலேயே விளக்குகிறார்கள். நாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாதி, குரலைத் தாழ்த்தி அதனோடு கதைத்துக்கொண்டிருப்பார். ஊசி பிடிக்கும் கை நடுங்கக்கூடாது. முதல் தடவையிலேயே நரம்பு கிடைக்க வேண்டும். அழுவதற்கு அந்த அறையில் உரிமையாளருக்கு உரிமை உண்டு. மற்ற இருவருக்கும் வேலை இருக்கிறது.

இதைவிடக் கடினமானவையும் உண்டு. குணப்படுத்தக்கூடிய நோய்தான், ஆனால் உரிமையாளரிடம் பணமில்லை. அல்லது நோயே இல்லை, வீடு மாறுகிறோம், வைத்திருக்க முடியாது என்கிறார். மறுபுறம், வேதனையில் கிடக்கும் பிராணியை விடமனமில்லாமல், இன்னும் சில நாட்கள் என்று உரிமையாளர் இழுத்துக்கொண்டே போகிறார். அமெரிக்கத் தத்துவவியலாளர் பேர்னார்ட் ரொலின் 1980களில் இதற்கு அற நெருக்கடி என்று பொருள்படும் பெயரொன்றைக் கொடுத்தார். வேலை அதிகமாக இருப்பதால் வரும் களைப்பு வேறு. எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தேனோ அதற்கு எதிரானதைச் செய்கிறேனே என்பதால் வரும் நெருக்கடி வேறு. முதலாவது நித்திரை கொண்டால் தீரும். இரண்டாவது தீராது என்பதே அவருடைய வாதம்.

பட்டியில் ஒதுக்கப்பட்ட மாடுகள்

அல்ப்பின் காலத்து வேலையில் இன்னொரு பகுதியும் இருந்தது. அன்றைய பிரித்தானியாவில் மாடுகளிடையே காசநோய் பரவலாக இருந்தது. பால் வழியாக அது பிள்ளைகளுக்குத் தொற்றி உயிர்களைக் குடித்தது. நோயற்ற பட்டிகளை உருவாக்கும் திட்டம் 1935இல் தொடங்கியது. அல்ப் யோர்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, ஆயிரக்கணக்கான மாடுகளுக்குத் தோலில் ஊசி போட்டு, மூன்று நாட்களில் திரும்பிப் போய்த் தடிப்பை அளந்தார்.

தடிப்புக் கூடியிருந்தால் அந்த மாடு கொல்லப்பட வேண்டியது. பார்வைக்கு நல்ல மாடு, குடம் நிறையப் பால் தரும் மாடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் மாடு. பத்து மாடு வைத்திருந்த குடும்பத்தில் நான்கு போனால் பண்ணையே ஆடிப்போகும். அந்தச் செய்தியைச் சொல்லும் வாய் வைத்தியருடையது. திட்டம் சரியானதுதான். 1960 அளவில் முழு நாட்டு மாடுகளும் சோதனைக்குள் வந்துவிட்டன, எத்தனையோ பிள்ளைகள் உயிர்பிழைத்தார்கள். ஆனால் சரியான காரியம் என்பதால் கொட்டில் வாசலில் நின்ற விவசாயியின் முகத்தை மறந்துவிட முடியாது.

மனம் உடைந்த ஆண்டுகள்

1960 வாக்கில், 44 வயதளவில், அல்ப் கடும் மனச்சோர்வில் விழுந்தார். தந்தையின் மரணம் அவரைப் பெரிதும் பாதித்திருந்தது. மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெறும் அளவுக்கு நோய் முற்றியது. மெல்ல மெல்ல மீண்டுவந்தார். ஆனால் சோர்வின் நிழல் பிறகும் அவ்வப்போது வந்துபோனது. அவர் இறந்த பின்னர், 1999இல், மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு இதை வெளிப்படையாகச் சொன்னது. உலகத்தையே சிரிக்கவைத்த மனிதருக்கா இப்படி என்று பலர் அதிர்ந்தார்கள்.

மனச்சோர்வுக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. அல்ப்பின் நோய்க்குக் கருணைக்கொலைதான் காரணம் என்று எழுதுவது நேர்மையாகாது. இழப்பு, பணக் கவலை, உடல் களைப்பு, இயல்பிலேயே எதையும் ஆழமாக எடுத்துக்கொள்ளும் மனம், எல்லாம் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இரவு இரண்டு மணிக்கும் எழுந்து போய், ஊரின் எல்லாக் கொட்டில்களிலும் துயரத்தை ஏற்றுக்கொண்டு வந்த ஒருவருக்கு, தன் துயரத்தை இறக்கிவைக்க அன்றைய சமூகத்தில் இடம் இருக்கவில்லை. ஆண்கள் அழுவதில்லை, தொழில்காரர் முனகுவதில்லை என்ற காலம். தன் நூல்களில்கூட அந்த நாட்களை அவர் கதையாக்கவில்லை.

ஐம்பது வயதில் எடுத்த பேனா

ஒருநாள் எழுதப்போகிறேன் என்று மனைவியிடம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஏறத்தாழ 50 வயதில் உண்மையாகவே எழுதத் தொடங்கினார். இரவில், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் அதே அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். வேறு விடயங்களைப் பற்றி எழுதியவை திருப்பி அனுப்பப்பட்டன. தன் தொழிலைப் பற்றி எழுதியதுதான் ஏற்கப்பட்டது. முதல் நூல் 1970இல் வந்தது. மிருக வைத்தியர்கள் தம்மை விளம்பரப்படுத்தக்கூடாது என்பது அன்றைய தொழில் ஒழுக்கம். அதனால் தொலைக்காட்சியில் பார்த்த உதைபந்தாட்டக் காப்பாளர் ஒருவரின் பெயரை எடுத்துக்கொண்டார். 1972இல் ஓல் கிரியேச்சர்ஸ் கிரேட் அன்ட் ஸ்மோல் என்ற தலைப்பில் அமெரிக்காவில் வெளியானபோது உலகம் அவரைக் கண்டுகொண்டது.

புகழும் பணமும் வந்த பின்னரும் அவர் வைத்தியத்தை விடவில்லை. வரி மிக அதிகமாக இருந்த காலத்திலும் நாட்டை விட்டுப் போகவில்லை. 70 வயதைத் தாண்டியும் பண்ணைகளுக்குப் போனார்.

அந்தக் கதைகளில் சாவு மறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேடிக்கையான நான்கு கதைகளுக்கு நடுவே, பிழைக்காத பசுவும் ஊசி போட்டு அனுப்பப்பட்ட நாயும் வருகின்றன. யாருக்கும் சொல்லாமல் 25 ஆண்டுகள் சுமந்தவற்றை அவர் இறக்கிவைத்த இடம் அது என்று தோன்றுகிறது. சாவைத் தனியே எடுத்து எழுதாமல், வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்தே வைத்தார். உலகெங்கும் எத்தனையோ இளைஞர்களும் யுவதிகளும் அவற்றை வாசித்துவிட்டு மிருக வைத்தியம் படிக்கப் போனார்கள்.

1995

1995 பெப்ரவரி 23ஆம் திகதி, புற்றுநோயால், 78 வயதில் அல்ப் வைட் காலமானார். அந்த ஒக்டோபரில் யோர்க் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். பழைய கேர்க்கேட் வீடு இன்று அவருடைய பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

அந்த வழிபாட்டில் டொனால்ட் சின்க்ளேயர் இருக்கவில்லை. நண்பர் இறந்து நான்கு மாதங்களில், 50 ஆண்டுகளுக்கு மேல் கூட வாழ்ந்த மனைவியும் இறந்து சிறிது காலத்திலேயே, ஜூன் 28ஆம் திகதி, 84 வயதில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். முதுமையில் அடுத்தடுத்து விழுந்த இரு இழப்புகள். அந்த முடிவையும் தொழிலையும் ஒரே கோட்டில் வைத்து எளிதான பாடம் சொல்ல முடியாது.

ஆனாலும் பின்வந்த ஆய்வுகள் இந்தத் தொழிலின் மீது கவனத்தைத் திருப்பின. பிரித்தானியாவில் மிருக வைத்தியர்களிடையே தற்கொலை வீதம் பொதுமக்களைவிட மூன்று முதல் நான்கு மடங்கு அதிகம் என்று அவை காட்டின. நீண்ட வேலைநேரம், தனிமை, தவறிவிடுவோமோ என்ற பயம், உதவி கேட்டால் தொழிலில் பெயர் கெடும் என்ற தயக்கம் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. சாவை வேதனைக்குத் தீர்வாக நாளாந்தம் கையாளும் பழக்கம், தன் வேதனையைப் பார்க்கும் கண்ணையும் மாற்றிவிடுகிறதா என்பது அவற்றில் ஒன்று. 2001இல் பிரித்தானியாவில் கால்வாய் நோய் பரவியபோது ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு நோயில்லாதவை. அல்ப் நடந்த யோர்க்‌ஷயர் பண்ணைகளும் அதில் அடங்கும். அதற்குப் பிறகு, விவசாயிகளின் மனக்காயத்தோடு வைத்தியர்களின் மனக்காயத்தைப் பற்றியும் பேசவேண்டி வந்தது. இன்று அங்கே மிருக வைத்தியர்களுக்கென்றே இரவு பகலாக இயங்கும் தொலைபேசி உதவிச் சேவை இருக்கிறது. ஒரு கருணைக்கொலைக்குப் பிறகு அடுத்த நோயாளியை அழைப்பதற்கு முன் சிறிது இடைவெளி விடும் வைத்தியசாலைகளும் இருக்கின்றன. சிறிய மாற்றங்கள்தான். அல்ப்புக்கு அவையும் இருக்கவில்லை.

எமக்குத் தெரிந்த பாரம்

யோர்க் பேராலயத்தில் அந்த நினைவு வழிபாடு நடந்த அதே ஒக்டோபரின் இறுதியில்தான், 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியைத் தாண்டி நடந்தது. கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டவர்கள், பின்னால் ஓடிவந்த நாயைக் கல்லெறிந்து திருப்பி அனுப்பியவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். 2008, 2009இல் வன்னியில் ஒவ்வோர் ஊராக விட்டு நகர்ந்தபோதும் பட்டிபட்டியாக மாடுகள் கைவிடப்பட்டன. செல்லடியில் காயப்பட்ட மாட்டின் முன்னால் செய்வதறியாமல் நின்றவர்கள் உண்டு. மனிதர்களே மடிந்துகொண்டிருந்த இடத்தில் மாட்டுக்காக அழுததைச் சொல்லக்கூட வெட்கப்பட்டு, இன்றுவரை அதை மனதுக்குள் வைத்திருப்பவர்களும் உண்டு. அங்கே வேறு வழி இருக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அது விடுவதில்லை.

அல்ப் வைட்டின் வாழ்க்கை எமக்குச் சொல்வதும் இதைத்தான். சரியான முடிவு என்பது பாரமில்லாத முடிவு அல்ல. வேறு வழியில்லாமல் செய்ததும் கைகளில் தங்கும். தவறு செய்தவருக்கு மட்டும்தான் மனம் உறுத்தும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. அந்த உயிர் மீது அன்பு வைத்திருந்தவருக்கும் உறுத்தும்.

எமது நாட்டில் மிருக வைத்தியப் பட்டப்படிப்புக்கு இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒன்றுதான். அங்கிருந்து வெளியேறுபவர்களில் சிலர் வடக்கிலும் கிழக்கிலும், பரந்த பிரதேசங்களைத் தனியாளாகப் பார்க்கிறார்கள். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறை 2006இல் கைவிடப்படும் வரை, அந்த வேலையை உள்ளூராட்சிச் சபைகளின் சாதாரண ஊழியர்கள் செய்தார்கள். நாய்பிடிகாரர் என்று ஊர் அவர்களைத் திட்டியது. அந்த மனிதர்கள் இரவில் எப்படி நித்திரை கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த தடவை, முதிர்ந்த நாயையோ நோயுற்ற பசுவையோ காப்பாற்ற முடியாமல் மிருக வைத்தியர் ஒருவர் உங்கள் வீட்டு முற்றத்தில் ஊசியை எடுக்கும்போது, அவரும் ஒன்றை இழக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளலாம். முடிந்த பிறகு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லலாம். நீங்கள் செய்தது சரிதான் டொக்டர் என்று ஒரு சொல் சொல்லலாம். அந்தப் பழைய சுருட்டின் பெறுமதி அதற்கு உண்டு.

எந்தப் பாரமாக இருந்தாலும், தாங்க முடியாமல் போனால் யாரிடமாவது கதைக்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அல்ப் வைட் மனநோயிலிருந்து மீண்டு, அதற்குப் பிறகு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். உலகம் அறிந்த ஜேம்ஸ் ஹெரியட் பிறந்ததே அந்த மீட்சிக்குப் பிறகுதான்.